மஞ்சள் துணியும் கருப்புக் காரும்

எங்கள் ஜவ்வாது மலையில் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். வண்டிக்கு இரண்டு நிறம் உண்டு. நாம் காசு கொடுத்து வாங்கியது ஒன்று, மலை பூசிவிடுவது இன்னொன்று. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக வந்தாலும் சரி, போளூர் பக்கமிருந்து ஏறினாலும் சரி, ஜமுனாமரத்தூர் வந்து சேரும்போது வெள்ளைக் கார் கொஞ்சம் பழுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். கருப்புக் கார் என்றால் மாவு மில்லுக்குள் நிறுத்தி வைத்திருந்த மாதிரி இருக்கும்.

என்னுடையது கருப்பு.

பள்ளி ஆசிரியராக 34 வருடம் வேலை பார்த்து 2014-ல் ஓய்வு பெற்றேன். அதுவரை பஸ்தான். என் மனைவிக்கு முழங்கால் வலி அதிகமாகி, திருப்பத்தூருக்கும் வேலூருக்கும் அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தபோது, 2019-ல் ஒரு சின்ன கார் வாங்கினோம். "கருப்பு வேணாங்க, அழுக்கு தெரியும்" என்று மனைவி சொன்னாள். மகள் போனில் கருப்புதான் கம்பீரம் என்றாள். மகள் ஜெயித்தாள். பெரும்பாலும் வீட்டில் அப்படித்தானே!

வண்டி எடுத்த அன்றே, டிரைவர்கள் தோளில் போட்டிருப்பார்களே, அந்த மஞ்சள் துணி இரண்டு வாங்கினேன். தினமும் காலையில் காபி குடித்த கையோடு துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன். பானெட், கதவு, டிக்கி எல்லாம் சுற்றிச் சுற்றித் துடைப்பேன். 34 வருடம் கரும்பலகையைத் துடைத்த கை அல்லவா? அதே வேகம், அதே அழுத்தம். ஐந்து நிமிடத்தில் வண்டி பளபளவென்று ஆகிவிடும். அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அன்றைய வேலை முடிந்த திருப்தி எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் தண்ணீர் விட்டுக் கழுவுவது. அதற்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பையன் வருவான். ஒன்பதாம் வகுப்பு. அவன் அப்பாவுக்கும் நான் பாடம் எடுத்திருக்கிறேன். ரப்பர் குழாயைப் பிடித்து, முக்காலி போட்டு ஏறி, கூரையிலிருந்து தண்ணீரை ஓடவிட்டு நிதானமாகக் கழுவுவான். கையில் கொடுக்கும் பணத்தில் நோட்டு, பேனா வாங்கிக்கொள்வான்.

ஒரு வருடம் போயிருக்கும். ஒரு நாள் மாலை, வெயில் மேற்கே சாய்ந்து நேராகப் பானெட்டின் மேல் விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். சிலந்தி வலை பின்னிய மாதிரி வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள். கதவிலும் அப்படியே. நிழலில் தெரியாதது வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. வயிறு எரிந்தது. பணிக்கொடைப் பணம் ஆயிற்றே.

யோசிக்கவே இல்லை. தரை துடைக்கும் துணியையோ, பாத்திரம் தேய்க்கும் நாரையோ போட்டுப் பையன் தேய்த்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டேன். அடுத்த ஞாயிறு அவன் வந்ததும் வாசலிலேயே நிற்க வைத்து, தெருவே கேட்கும்படி திட்டினேன். "இல்லீங்க சார்" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். "எதிர்த்துப் பேசாதே" என்றேன். குழாயைச் சுருட்டி, எப்போதும் மாட்டும் ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். பிறகு வரவில்லை. அந்த வாரக் காசையும் வாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் காவலூரிலிருந்து என் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அங்குள்ள வானாய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1968-ல் சின்னத் தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கிய இடம் அது. 1986 ஜனவரி 6-ம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி வந்து 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்து வைத்து, ஆய்வகத்துக்கு வைனு பாப்பு பெயரைச் சூட்டினார். நம் மலைக்காரர்கள் பலருக்கு அது நினைவிருக்கும்.

அவரிடம் காரைக் காட்டிப் புலம்பினேன். அவர் பதில் சொல்லாமல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முக்காலியைக் கொண்டுவரச் சொல்லி, ஏறிக் கூரையைப் பார்த்தார்.

"வாத்தியாரே, நீங்களும் ஏறிப் பாருங்க."

ஏறினேன். கூரையின் ஓரத்தில் கீறல் இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. புது வண்டி மாதிரி இருந்தது.

"பையன் கூரை நடுவைக் கழுவுவானா?"

"முக்காலி போட்டு ஏறி அங்கிருந்துதான் ஆரம்பிப்பான்."

"தினம் காலையில நீங்க துடைக்கிறப்ப உங்க கை அங்க எட்டுமா?"

எட்டாது. எனக்குப் பேச்சு வரவில்லை. அவன் கை பட்ட இடம் சுத்தமாக இருந்தது. என் கை பட்ட இடமெல்லாம் கீறல்.

பிறகு அவர் திண்ணையில் உட்கார்ந்து விளக்கினார். நம் பக்கத்து மண்ணில், பாறை உதிர்ந்து வரும் குவார்ட்ஸ் துகள் நிறைய உண்டு. கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் வைரம் 10 என்றால் குவார்ட்ஸ் 7. சாதாரணக் கண்ணாடியைக்கூடக் கீறிவிடும். கார் பெயிண்டின் மேல் நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். அதன் கனம் சுமார் 40, 50 மைக்ரான்தான், நம் தலைமுடியைவிட மெலிசு. தூசி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைப்பதும், உப்புத்தாளால் மெதுவாகத் தேய்ப்பதும் ஒன்றுதான். எல்லா நிறத்திலும் கீறல் விழும். கருப்பில் மட்டும் ஒளி பட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

"எங்க பெரிய கண்ணாடி மேல இருக்கிற அலுமினியப் பூச்சு இதைவிட எத்தனையோ மடங்கு மெலிசு. அதிலும் தூசி படியத்தான் செய்யும். அதுக்காகத் துணியை எடுத்துக்கிட்டுப் போய்த் துடைச்சா கதை முடிஞ்சது. கொஞ்சம் தூசி இருந்தாலும் நட்சத்திரம் தெரியும், கீறல் விழுந்தா திரும்ப வராது. ரொம்ப மங்கிப்போனா முறையாக் கழுவி, பழைய பூச்சை எடுத்துட்டு, அங்கேயே இருக்கிற எந்திரத்துல புதுசா அலுமினியம் பூசுவாங்க. உங்க காருக்கு அந்த வசதி ஏது?"

பாலிஷ் போட்டால் சரியாகாதா என்று கேட்டேன். ஓரளவு சரியாகும் என்றார். ஆனால் கீறலின் ஆழத்துக்கு மேல்பூச்சைச் சீவி எடுப்பதுதான் பாலிஷ். ஒன்றிரண்டு தடவை செய்யலாம். அடிக்கடி செய்தால் சீவ ஒன்றும் இருக்காது.

அன்றோடு மஞ்சள் துணி வீட்டுக்குள் போய்விட்டது. இப்போது ஜன்னல் கம்பி துடைக்க உதவுகிறது. அதற்குப் பிறகு நான் கடைப்பிடிப்பதை எழுதுகிறேன். என்னைப் போல் காலையில் கை சும்மா இராதவர்களுக்கு உதவும்.

முதல் பாடம், தூசியை அப்படியே விட்டுவிடுவது. படிந்து கிடக்கும் தூசி பெயிண்டை ஒன்றும் செய்வதில்லை, தேய்க்கும்போதுதான் கீறுகிறது. வெளியே கிளம்பும் முன் முன்கண்ணாடி, பின்கண்ணாடி, விளக்கு, நம்பர் பிளேட் மட்டும் ஈரத்துணியால் துடைத்துக்கொள்கிறேன். அதற்குத் தனித்துணி.

மார்கழிப் பனியில் ஒரு சபலம் வரும். வண்டி முழுக்க நீர் கோத்திருக்கும், தண்ணீர் மிச்சம் என்று துடைக்கத் தோன்றும். அந்த ஈரம் தூசியைச் சேறாக்குமே தவிர, அடித்துக்கொண்டு போகாது. தொடக்கூடாது.

லேசான தூசிதான், ஆனால் விசேஷத்துக்குப் போக வேண்டும் என்றால், தேய்த்துக் கழுவி அலசத் தேவையில்லாத வாஷ் திரவம் கடையில் கிடைக்கிறது. அட்டையில் போட்டிருக்கும் அளவுக்குத் தண்ணீரில் கலந்து, தாராளமாகத் தெளித்து, ஒரு நிமிடம் ஊறவிட்டு, மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் ஒரே இழுப்பு. வட்டமாகத் தேய்க்கக் கூடாது. ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த மடிப்பைத் திருப்பிக்கொள்ள வேண்டும். துணி கீழே மண்ணில் விழுந்தால் அன்றைக்கு அதற்கு ஓய்வு. மண்ணாக அப்பியிருந்தால் இந்த முறை ஆகாது, தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும்.

கழுவும்போது மேலிருந்து கீழே தண்ணீர் விட்டு மண் தானாக இறங்கிய பிறகுதான் துணி படலாம். இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பு மெழுகுப் பூச்சைக் கழற்றிவிடும். நிழலில் கழுவி, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தால் போர் தண்ணீரின் உப்புத் திட்டு விழாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மெழுகு போட்டால் அடுத்த கழுவலில் அழுக்கு சுலபமாக இறங்கும்.

பறவை எச்சத்தை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அதிலுள்ள அமிலம் பூச்சை அரிக்கும். ஈரத்துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு, ஊறியதும் தூக்கி எடுத்துவிட வேண்டும், சுரண்டக் கூடாது. நிழலுக்காகப் பலாமரத்தடியில் நிறுத்துவதையும் விட்டுவிட்டேன். தூசியான வண்டிக்கு உறை போடுவதும் தப்பு. காற்றில் உறை அசைந்து அசைந்து, நான் காலையில் செய்த வேலையை ராத்திரி முழுக்கச் செய்யும்.

இதெல்லாம் தெரிந்துகொண்டது சரி. பையன் விஷயம்?

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளை "நீதானே?" என்று கேட்டிருக்கிறேன். அதில் எத்தனை பேர் "இல்லீங்க சார்" என்று சொல்லி நான் நம்பாமல் போனேனோ, கணக்கில்லை. மறுநாள் காலை, துணி எடுக்கும் நேரத்தில் செருப்பைப் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

அவன் ஆயா வாசலில் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். பையன் உள்ளேயிருந்து வந்து எழுந்து நிற்பது போலவே கை கட்டி நின்றான். "தம்பி, கீறினது நீ இல்ல. நான்தான். தெருவுல வெச்சுத் திட்டினேன், அதனால தெருவுலயே சொல்றேன், தப்பு என்மேல" என்றேன். குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவன் தலையைக் குனிந்துகொண்டே, "தெரியும் சார்" என்றான்.

"தெரிஞ்சா ஏன்டா சொல்லல?"

"சொன்னேனே சார்."

ஆயா முறத்தை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு, "குந்துங்க சார், டீ வெக்கறேன்" என்று உள்ளே போனார்.

அடுத்த ஞாயிறு வந்தான். ஆணியிலிருந்து குழாயை எடுத்து, முக்காலி போட்டு, கூரையிலிருந்து ஆரம்பித்தான். இப்போது பாலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போய்விட்டான். லீவில் வந்தால் வீட்டுக்கு வராமல் போக மாட்டான்.

பாலிஷ் போடவில்லை. அந்தக் கீறல்கள் அப்படியே இருக்கின்றன. மாலை வெயிலில் வட்டம் வட்டமாகத் தெரியும். மகள் வந்தால் பாலிஷ் போடச் சொல்லிக் கேட்பாள். இருக்கட்டும் என்று சொல்லிவிடுவேன்.