கசகசாவும் எக்ஸ்ரேயும்

அடுப்படிக் கசகசாவுக்கும் எக்ஸ்ரேக்கும் சம்பந்தம் உண்டு என்றால் நம்புவீர்களா, நண்பர்களே?

1901-ல் பிரான்சின் வேதியியலாளர் மார்செல் கெர்பே, கசகசா எண்ணெயில் அயோடினைச் சேர்த்து 'லிப்பியோடால்' என்ற மருந்தைச் செய்தார். அயோடின் எக்ஸ்ரேயைத் தடுக்கும். அதனால் 1921-ல் இரண்டு டாக்டர்கள் அதை முதுகுத்தண்டில் செலுத்திப் படம் எடுத்தார்கள். படம் பளிச்! 1926-ல் மார்செலின் மகன் ஆந்த்ரே தொடங்கிய கெர்பே கம்பெனி இன்று பல நாடுகளில் இருக்கிறது.

ஆனால் முதுகில் ஏற்றிய எண்ணெய் வருஷக்கணக்கில் உள்ளேயே தங்கிவிட்டது.

என் அம்மாவுக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப் போனபோது, "டை ஏத்தணும், கிரியாட்டினின் பார்த்தாச்சா?" என்று கேட்டார்கள். பயந்துதான் போனேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: ரத்தக்குழாயில் ஏற்றும் இந்த அயோடின் டை நீரில் கரைவது, சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும்.

ஒரு பொருள் வேலை செய்தால் மட்டும் போதுமா? வேலை முடிந்ததும் எப்படி விலகும் என்பதையும் நம்ம டிராயிங்கிலேயே போட்டாகணும்!