தூய மொழி பேசிய சாரதி

நகைச்சுவைப் படங்களைக் கருத்தூன்றி நோக்கும் வழக்கம் நம்மிடையே குறைவு. சிரித்து எழுந்ததோடு அவற்றின் காரியம் முடிந்துவிடுகிறது. ஹிருஷிகேஷ் முகர்ஜி 1975 இல் நெறிப்படுத்திய 'சுப்கே சுப்கே' என்னும் இந்திப் படத்தை அவ்வாறு விட்டுவிட என்னால் இயலவில்லை. இந்தி அறியாத நான் ஆங்கில உபதலைப்புகளின் துணையோடுதான் அதனைப் பார்த்தேன். தர்மேந்திரா, அமிதாப் பச்சன், ஜெயா பாதுரி ஆகிய மூவரும் அதே ஆண்டு வெளிவந்த 'ஷோலே'யிலும் நடித்தவர்கள். இங்கே துப்பாக்கியும் இல்லை, கொள்ளைக்காரனும் இல்லை. ஒரு குடும்பத்தின் கூடமும் ஒரு மோட்டார்க் காரும் போதுமாயிருக்கின்றன.

பரிமள் திரிபாதி ஒரு தாவரவியல் பேராசிரியர். அவருடைய புது மனைவி சுலேகா, தன் அக்காளின் கணவரான இராகவேந்திரரின் அறிவுக்கூர்மையை ஓயாது புகழ்கிறாள். அந்த மேதையை ஏமாற்றிக் காட்டுவதெனப் பரிமள் சபதம் பூணுகிறார். நல்ல இந்தி பேசும் சாரதி வேண்டுமென இராகவேந்திரர் தேட, பியாரே மோகன் என்ற பெயரில் பரிமளே வேலைக்கு அமர்கிறார். வடமொழிச் சொற்கள் மலிந்த இந்தியைப் பொழிந்து எசமானைத் திணறடிக்கிறார். 'டிரைவர்' ஆங்கிலச் சொல்லாம், தாம் 'வாகன சாலக்'காம்! ஆங்கில எழுத்துக் கூட்டலின் முறைகேடுகளைப் பணிவோடு வினவி அவரை விழிக்கவைக்கும் இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் 'வாகன சாலக்' என்ற இடத்தில் என் சிரிப்புச் சற்றுத் தடைப்பட்டது. என் தந்தையார் லொறி ஓட்டுபவர். அவர் சட்டைப் பையில் இருப்பது 'சாரதி அனுமதிப்பத்திரம்'. சாரதி என்பதும் வடமொழிச் சொல்லே. பார்த்தனுக்குத் தேரோட்டிய கண்ணனுக்குரிய சொல். எனினும் இலங்கையில் அதைக் கேட்டு எவரும் நகைப்பதில்லை. ஆகவே நகைப்புக்கிடமாவது சொல்லின் தூய்மையன்று, அது யார் வாயிலிருந்து வருகிறது என்பதே. அதே இந்தியைப் பரிமள் விரிவுரை மண்டபத்தில் பேசியிருந்தால் மாணவர்கள் குறிப்பெடுத்திருப்பர். காக்கிச் சட்டை அணிந்து பேசும்போதுதான் அது வேடிக்கையாகிறது. கலைப்பீடத்துத் தமிழில் எழுதப் பழகிவிட்ட என்போன்றோர் இதனைக் கவனியாதிருக்க முடியாது.

சுலேகா சாரதியோடு நெருங்கிப் பழகுவதைக் கண்டு வீட்டார் பதறுகின்றனர். நாம் பதறுவதில்லை; அவன் பேராசிரியன் என்பதை நாம் அறிவோம். மெய்யாகவே அவன் சாரதியாயிருந்தால் இக்கதை இன்பியலாக முடிந்திருக்குமா என்ற வினாவைப் படம் எழுப்புவதேயில்லை. வர்க்க எல்லையைத் தாண்டுவதுபோல் காட்டி, தாண்டாமலே நம்மை மகிழ்வித்து அனுப்புகிறது. இதனைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் சுகுமார், பரிமளாக நடிக்க நேர்ந்து, வசுதாவுக்குத் தாவரவியல் கற்பிக்க இயலாது தவிக்கும் காட்சிகளை இன்னும் பலமுறை பார்ப்பேன். படித்தவனின் அறியாமையையும் முகர்ஜி விட்டுவைக்கவில்லை என்பது அவருடைய நேர்மை.

ஒருவன் மட்டும் மனத்தைவிட்டு அகல மறுக்கிறான். அந்த வீட்டில் ஏற்கெனவே ஜேம்ஸ் டிகோஸ்தா என்றொரு சாரதி இருந்தான். கேஷ்டோ முகர்ஜி அந்த வேடத்தில் தோன்றுகிறார். கார் ஓட்டுவதில் அவனிடம் எக்குறையும் சொல்லப்பட்டதாக எனக்கு நினைவில்லை. அவன் பேசிய இந்திதான் எசமானுக்குப் பிடிக்கவில்லை.