பதினாறு வயதுக் கேள்விகள்

பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துவது சுலபம் என்று யாராவது சொன்னால், அவரை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்துக்கு அனுப்பி வையுங்கள்!

சென்னையில் எங்கள் சபைப் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் வகுப்பு நடத்துகிறேன். அது என்ன என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: கைக்குழந்தையாக இருக்கையிலேயே பெற்றோர் ஞானஸ்நானம் கொடுத்து விடுகிறார்கள். விவரம் தெரிந்த பின், "இந்த விசுவாசம் என்னுடையதுதான்" என்று பிள்ளையே சபை முன்னால் சொல்ல வேண்டும். பிஷப் தலைமேல் கை வைத்து ஆசீர்வதிப்பார். அந்த நாளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது என் வேலை.

முன்னெல்லாம் பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் தப்பில்லாமல் ஒப்பித்தால் போதும். இப்போதோ கையில் செல்போன், காதில் கொரிய தேசத்துப் பாட்டு! பிள்ளைகளை இழுக்க வேண்டுமென்று வாலிபர் ஆராதனைக்குக் கிதாரும் டிரம்மும் பெரிய திரையும் வந்து விட்டன. வரட்டும், எனக்கும் கிதார் பிடிக்கும். ஆனால் பாட்டுக்காக மட்டுமே அவர்கள் வருகிறார்கள் என்று நினைத்தால், அவர்களை நாம் ரொம்பக் குறைவாக எடை போடுகிறோம்.

ஒரு நாள், பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் மூன்றாம் அதிகாரம் பாடம். இனம், அந்தஸ்து என்ற பேதமெல்லாம் கிறிஸ்துவுக்குள் இல்லை என்பது அதன் சாரம். பின்வரிசைப் பெண் ஒருத்தி செல்போனை நீட்டினாள்.

"ஆன்ட்டி, இதைக் கொஞ்சம் படியுங்களேன்!"

கல்யாண விளம்பரம். ஜெபிக்கிற குடும்பத்து வரன் தேவையாம். அடுத்த வரியில் ஜாதிப் பெயர்.

"எங்கள் அக்காவுக்காக அப்பா கொடுத்தது, ஆன்ட்டி. பேதமில்லை என்று நாளைக்குச் சபை முன்னால் நான் எப்படிச் சொல்வது?"

வகுப்பே கப்சிப்!

"அதெல்லாம் உலக வழக்கம், அம்மா" என்று மழுப்ப எனக்கு மனம் வரவில்லை. சரித்திரத்தைச் சொன்னேன். ஸீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பின் எழுந்த சபைகளிலும் ஜாதி பார்த்துத்தான் உட்கார்ந்தார்கள். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்ஸன், சபைக்குள் ஜாதி வேற்றுமை கூடாதென்று கட்டளையிட்டார். தஞ்சாவூரில் பலர் அதற்கு இணங்காமல் பிரிந்தே போனார்கள். நாம் உருகி உருகிப் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியாரும் ஜாதி வழக்கத்துக்காக வாதாடியவர்தான்.

"அப்படியானால் அவர் பாட்டைப் பாடலாமா, ஆன்ட்டி?"

"தாராளமாகப் பாடு, கண்ணு. அவர் நின்றுவிட்ட இடத்தில் நீயும் நின்றுவிடாதே."

மறுநாள் அவள் தாயார் டெலிபோனில் பேசினார். "குழந்தைக்கு வேண்டாததைச் சொல்லிக் கொடுக்கிறீர்களே!" என்று வருத்தப்பட்டார். "பாடத்தில் இருந்ததைத்தான் படித்தோம், அம்மா. நீங்களும் ஒரு தடவை அவளோடு உட்கார்ந்து படியுங்களேன்" என்றேன். பதில் வரவில்லை.

இந்த வருஷத் திடப்படுத்தல் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. "இன்னும் யோசிக்க வேண்டும்" என்று விட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் வகுப்புக்கு ஒரு வாரம்கூடத் தவறுவதில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் கேள்வி கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். காலம் கெட்டுப் போச்சு என்று பெருமூச்சு விடாதீர்கள். பிள்ளை கேள்வியோடு வந்தால், அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பதில் தெரியாவிட்டால், "தெரியவில்லையடி" என்று சொல்லுங்கள். நான் கண்டவரையில் அதற்காக எந்தப் பிள்ளையும் ஆலயத்தை விட்டுப் போனதில்லை. "வாயை மூடு" என்று சொன்னதற்காகப் போயிருக்கிறார்கள்.