தாடை எலும்பின் அகலம்

என் மனைவிக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் பிடுங்கி எட்டு வருஷமாகிறது. இம்ப்ளான்ட் வைக்கலாமா என்று கேட்கப் போனோம். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு நல்ல உயரமாகத்தான் தெரிந்தது. டாக்டருக்குத் திருப்தியில்லை, சிபிசிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

பள்ளியில் நாங்கள் 'மாஷ்வார்' என்று படித்த தாடையைத் திரையில் ரொட்டித் துண்டு போலக் குறுக்கே வெட்டிக் காட்டினார். அகலம் 4 மி.மீ.தான்! பல் போனால் எலும்பு கன்னப் பக்கமாகக் கரையுமாம். முதல் வருஷத்திலேயே பாதி அகலம் வரை போகலாமாம். தட்டைப் படத்தில் அது எப்படித் தெரியும்? கீழே ஓடும் நரம்புக்கு மேலே 2 மி.மீ. விட்டுத்தான் திருகு இறக்க வேண்டும். நரம்பில் பட்டால் உதடு மரத்துப் போகும்.

முதலில் எலும்புத் தூள் வைத்து, சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேனில் அளந்த பிறகே திருகு. 72 வயதில் இதெல்லாம் தேவையா என்று நான் தயங்கினேன். "முறுக்கு கடிக்கப் போவது நான்தானே" என்று தேதி வாங்கிவிட்டாள்.