கஞ்சி மாவு

காலையில் கஞ்சி குடிக்கிறவர்களைப் பார்த்து நம்மவர்கள் பரிதாபப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இட்லியும் காப்பியும் கௌரவத்தின் அடையாளம். கஞ்சியோ ஏழைமையின் அடையாளம், அல்லது காய்ச்சலின் அடையாளம். இப்போது அதே கஞ்சி, வர்ணப் படம் போட்ட டப்பாவில் ஏறி உட்கார்ந்துகொண்டு நம் கைப்பையைப் பார்த்துப் பரிதாபப்படுகிறது. 2023-ம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு கேழ்வரகுக்கும் கம்புக்கும் வந்திருக்கிற மிடுக்கைச் சொல்லி முடியாது.

டப்பாவில் அடைத்த காலை உணவை உலகத்துக்குக் கொடுத்த அமெரிக்கர்களும் நோயாளிகளை வைத்துத்தான் ஆரம்பித்தார்கள் என்பது ஒரு வேடிக்கை. ஜேம்ஸ் காலெப் ஜாக்ஸன் என்னும் வைத்தியர் 1863-ல் நியூயார்க் ராஜ்யத்து டான்ஸ்வில் சுகாதார விடுதியில், தவிடு நீக்காத கோதுமை மாவைப் பிசைந்து சுட்டு, உடைத்து, மறுபடியும் சுட்டு ஒன்றைச் செய்தார். முதல் நாள் இரவே ஊறவைக்காவிட்டால் அது பல்லில் ஏறாது! 1894-ல் பாட்டில் கிரீக் விடுதியில் கெல்லாக் சகோதரர்கள் கோதுமையை இதழ் இதழாக்கியதும் அங்கே தங்கியிருந்த நோயாளிகளுக்காகவேதான்.

என்னைக் கஞ்சி மாவின் பக்கம் திருப்பியதும் ஒரு நோயாளிதான். என் மாமியாருக்கு வயது 81. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி வீடு திரும்பியவருக்குச் சாப்பாடு பிடிக்காமல் போயிற்று. இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவார். நிறுத்துப் பார்த்தால் 38 கிலோ. டாக்டர் ஒரு சத்துப் பொடியை எழுதிக் கொடுத்தார். அத்தை அதை இரண்டு நாள் குடித்தார். மூன்றாம் நாள் தம்ளரை நகர்த்தி வைத்துவிட்டார்.

"இது சோறுமில்லே, மருந்துமில்லே. எதுக்கும்மா இதைக் கொடுக்கே? கேப்பையை முளைகட்டி மாவு திரிச்சுக் கொடு. குடிக்கேன்" என்றார்.

என் கணவர் டாக்டரைக் கேட்டார். எதுவானாலும் உள்ளே போனால் சரி, பருப்பு மட்டும் தாராளமாகச் சேரட்டும் என்று பதில் வந்தது. நாவல் எழுதுகிற மருமகளுக்கு அன்றைய தினம் வேறு உத்தியோகம் கிடைத்தது.

அளவு எல்லாம் அத்தையின் பித்தளை உழக்கில்தான். கேழ்வரகு நாலு உழக்கு. சம்பா கோதுமை, புழுங்கலரிசி, பாசிப்பயறு, பொட்டுக்கடலை ஒவ்வோர் உழக்கு. கம்பு அரை உழக்கு. கம்பில் ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று கேட்டேன். "அது சீக்கிரம் கசந்துபோகும்" என்றார். உண்மைதான். கம்பில் எண்ணெய்ப் பசை அதிகம். மாவாக்கினால் சில நாட்களிலேயே காறல் வாசனை தட்டிவிடும். வேர்க்கடலையை அவர் அடியோடு விலக்கியதும் இதே காரணத்துக்காகத்தான்.

கேழ்வரகைக் கல் அரித்து, இரவு முழுவதும் ஊறவைத்து, ஈரத் துணியில் இறுக்கி முடிந்து தொங்கவிட்டேன். மறுநாளைக்கு மறுநாள் முடிச்சை அவிழ்த்தால் வெள்ளை வெள்ளையாக முளை. நிழலில் உலர்த்தி, கையால் கசக்கி, முறத்தில் புடைத்து முளையைப் போக்க வேண்டும். பிறகு அதை வறுக்கலாமா என்றால், கூடாது. சூடு காட்டினால் போதும் என்பது உத்தரவு.

இந்த உத்தரவுக்குப் பின்னால் ஒரு விஞ்ஞானமே இருக்கிறது. தானியம் முளைக்கும்போது அதற்குள் ஒரு நொதி உண்டாகிறது. அது மாவுச் சத்தை அறுத்துச் சின்னச் சின்னதாக்கிவிடும். சாதாரண மாவை இரண்டு கரண்டி போட்டால் கஞ்சி களியாக இறுகும்; முளைகட்டின மாவை அதே அளவு போட்டாலும் நீர்க்கவே நிற்கும். அத்தை ஒரு வேளைக்கு ஒரு தம்ளருக்கு மேல் குடிக்கமாட்டார். அந்த ஒரு தம்ளருக்குள் எவ்வளவு சத்தை நுழைப்பது என்பதுதானே எங்கள் கவலை! அதிகச் சூட்டில் நொதி செத்துவிடும். அதனால்தான் வறுக்கக் கூடாது. நொதி என்ற சொல் அத்தைக்குத் தெரியாது. ஆனால், வறுத்தால் "கஞ்சி மண்டிப்போகும்" என்று தெரியும்.

மற்ற தானியங்களைத் தனித் தனியே வறுத்தேன். சேர்த்து வறுத்தால் சிறியது கருகும், பெரியது பச்சையாக நிற்கும். அத்தைக்கு ஒரு கண்ணில் புரை. அடுப்படி வரை நடக்கவும் முடியாது. கூடத்துக் கட்டிலில் சாய்ந்தபடியே மூக்கினால் மேற்பார்வை செய்தார். "கோதுமை வெடிக்குது பார், இறக்கு." "பயறு இன்னும் ரெண்டு கிண்டு கிண்டணும்." ஆபரேஷனுக்குப் பிறகு அவர் குரலில் அதிகாரத்தை அன்றுதான் கேட்டேன். அந்த அதிகாரத்துக்காகவே இன்னும் நாலு தானியம் வறுக்கலாம் போலிருந்தது.

மாவு மில்லில் எனக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்திருந்தார்கள். அரைப் படி அரிசியைப் போட்டு ஓட்டிய பிறகுதான் நம்முடையதை விட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்ததால், கஞ்சி குழம்பாகாமல் தப்பியது. மாவு சூடாக இறங்குகிறது. அப்படியே டப்பாவில் அடைத்தால் வேர்த்துப் போய்ப் பூச்சி வைக்கும். துணியில் பரப்பி நன்றாக ஆறவிட்டேன். சல்லடையைக் கையில் எடுத்தபோது, "குழந்தைக்கென்றால் சலி, எனக்கு வேண்டாம்" என்று தடுத்துவிட்டார். தவிட்டில்தான் நார் இருக்கிறது. படுக்கையில் கிடக்கிற உடம்புக்கு அதன் அருமை தெரியும்.

என் கணவரும் ஒரு தம்ளரை நீட்டினார். அவருக்கு மறுத்துவிட்டேன். அவருக்குச் சர்க்கரை வியாதி. நைசாக அரைத்து, அதிலும் முளைகட்டி அரைத்த மாவு, இரத்தத்தில் விறுவிறுவென்று சர்க்கரையை ஏற்றிவிடும். சிறுதானியம் என்று பெயர் இருந்தால் சர்க்கரைக்காரருக்குச் சஞ்சீவி என்று டப்பாவின் மேலே அச்சடிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதே கம்பை முழுசாக வேகவைத்துச் சுண்டலாக்கிக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே தின்றார்.

காய்ச்சுவதில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு அடுப்பில் ஏற்ற வேண்டும். வெந்நீரில் கொட்டினால் கட்டி தட்டும். விடாமல் துழாவினால் பத்து நிமிஷத்துக்குள் பச்சை வாசனை போய், கரண்டியில் பளபளப்பாக வழியும். காலையில் பாலும் கருப்பட்டியும். பதினொரு மணிக்கு மோரும் உப்பும்.

ஆறாவது வாரம் நிறுத்துப் பார்த்தோம்: ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. முள்ளை ஓர் இரண்டாம் தடவை பார்க்கச் சொன்னார் என் கணவர். அத்தை இந்த எண்ணிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மோர்க் கஞ்சிக்குச் சின்ன வெங்காயம் நறுக்கிப் போடவில்லை என்று அவருக்கு என் மேல் கோபம். மெல்லப் பல் ஏது என்று கேட்டேன்.

"மெல்லவா கேட்டேன்? வாசனைக்குப் போடு" என்றார்.