பாட்டி முகம் தெரிந்தது



எங்க அப்பா குவைத்தில் லாரி ஓட்டுகிறார். ஊருக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. இந்தப் பொங்கலுக்குப் பாட்டி பேசுவதை வீடியோ எடுத்து அனுப்பலாம் என்று நினைத்தேன். என் மாமா கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பவர். அவரிடம் சும்மா கிடந்த பழைய நிக்கான் டி90 கேமராவைக் கேட்டு வாங்கி வந்தேன்.

பாட்டி வாசப்படியில் உட்கார்ந்தாங்க. நான் வீட்டுக்குள் இருந்து எடுத்தேன். பின்னால் எதிர்வீட்டுச் சுவர், புதுசா வெள்ளையடித்தது, அதில் நல்ல வெயில். பாட்டி ஆசை ஆசையா பேசினாங்க. சாயங்காலம் அனுப்பினேன்.

ராத்திரி அப்பா போன் பண்ணினார். "அம்மா குரல் கேக்குது. மூஞ்சிதான் தெரியல பாப்பா" என்றார். பக்கத்தில் இருந்த பாட்டி, "நான் அவ்ளோ கருப்பாவா இருக்கேன்?" என்று கேட்டாங்க. எனக்கு அழுகையே வந்திடுச்சு.

மறுநாள் மாமாவிடம் ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். டி90 வந்தது 2008-இல். வீடியோ எடுக்கும் முதல் டி.எஸ்.எல்.ஆர். கேமரா அதுதானாம். ஆனால் வீடியோவில் வெளிச்சத்தை முழுக்க நம்ம கையால் அமைக்க முடியாது. கேமராவே முடிவு பண்ணும். எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவர் பெரிசா தெரிந்ததால் எல்லாத்தையும் இருட்டாக்கிவிட்டது. பாட்டி மேல தப்பே இல்லை!

அதே வருஷம் வந்த கேனான் 5டி மார்க் 2 கேமராவும் முதலில் இப்படித்தானாம். சிலர் லென்ஸைக் கொஞ்சம் திருகித் தளர்த்தி, உள்ளே வெளிச்சம் வரும் துவாரம் மாறாமல் நிறுத்தி எடுத்தார்களாம். 2009 ஜூனில் கேனான் புது மென்பொருள் தந்த பிறகுதான் கையால் மாற்ற முடிந்தது. டி90-க்கு அது வரவே இல்லை.

"அப்போ என்ன மாமா பண்றது?" என்றேன்.

"கேமராவை ஏமாத்தணும்" என்றார்.

வழி இதுதான். முதலில் பாட்டி முகத்துக்குக் கிட்டப் போய், திரை முழுக்க முகம் மட்டும் தெரியும்படி பிடிக்க வேண்டும். பிறகு ஏ.இ.எல். பட்டனை அழுத்தினால் அந்த வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும். பட்டனை விடாமல் பின்னால் வந்து எடுக்க வேண்டும். மெனுவில் 'ஹோல்டு' என்று மாற்றி வைத்தால் விரலை எடுத்தாலும் பூட்டு நிற்கும்.

அப்படிச் செய்து பார்த்தேன். முகம் தெரிந்தது. ஆனா பாட்டி வேற யாரோ மாதிரி வெளுத்துப் போயிருந்தாங்க. கருப்பு முகத்தையும் கேமரா சாம்பலாக்கத்தான் பார்க்குமாம். அதனால் பூட்டுவதற்கு முன் பிளஸ் மைனஸ் பட்டனில் கொஞ்சம் மைனஸ் வைத்தேன். மூணாவது தடவை எங்க பாட்டி எங்க பாட்டி நிறத்திலேயே வந்தாங்க! பின்னால் சுவர் வெள்ளையாக் கரைந்துபோச்சு. போனால் போகட்டும், அப்பா சுவரையா பார்க்கப் போறார்?

அன்று ராத்திரி அப்பா, "அம்மா இளைச்சுட்டாங்களே" என்று மட்டும் சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. சித்திரையில் லீவு கேட்டிருக்கிறாராம்.

நண்பர்களே, போனில் எடுத்தாலும் இதேதான். பல போன்களில் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் பூட்டிக்கொள்ளும். உங்கள் பாட்டியையும் எடுத்துப் பாருங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி