முற்றம் திரும்பி வருகிறது

ஆசிரியத் தொழில் பார்க்கும் ஒருவர் யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுவதென்றால், அதன் பாதிச் சுவர் வங்கிக்கும் மீதிச் சுவர் மனைவியின் நகைகளுக்கும் உரியது. அவ்வாறான வீடொன்றையே நாமும் கட்டிக்கொண்டிருக்கிறோம். பாட்டனாரின் நாற்சார் வீட்டில் போர் விட்டுவைத்த பகுதியில் குடியிருந்துகொண்டு, அதே வளவில் புதிய வீட்டை எழுப்புகிறோம்.

உள்ளலங்காரம் பற்றி ஆலோசனை கூற வந்த இளைஞர் கைத்தொலைபேசியில் படங்கள் காட்டினார். சாம்பல் நிறச் சுவர்கள்; ஜிப்சம் தட்டுகளாலான உட்கூரை; அதன் விளிம்பில் மறைந்து ஒளிரும் விளக்குகள்; முகம் பார்க்கக்கூடிய தரையோடுகள்; மண்டபத்துக்கும் குசினிக்கும் இடையே சுவரில்லாத திறந்த அமைப்பு. படங்களில் எல்லாம் இருந்தன. மனிதர் மட்டும் இல்லை.

“இதுக்குள்ளை மிளகாய் வறுத்தால் புகை எங்கை தம்பி போறது?” என்று அம்மா கேட்டார்.

“அதுக்குப் பின்னாலை இன்னொரு குசினி போடலாம் அம்மா” என்றார் இளைஞர்.

பார்ப்பதற்கு ஒரு குசினி, வேகுவதற்கு ஒரு குசினி! பின்னாற் குசினியில் வேகப்போகிறவள் பெண் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

வாழப்போகிறவரைக் கேட்டு வீடமைக்கும் வழக்கம் எமது நாட்டுக்குப் புதியதன்று. இலங்கையின் முதலாவது பெண் கட்டடக் கலைஞரான மினெட் டி சில்வா, 1958இல் கண்டி வட்டபுலுவ வீடமைப்புத் திட்டத்தை வரைந்தபோது, அங்கு குடியேறவிருந்த குடும்பங்களின் தேவைகளை வினாக்கொத்து மூலம் கேட்டறிந்தார். இன்றோ நாம் எவ்வாறு வாழ்கிறோம் என்று எவரும் கேட்பதில்லை. எந்தப் படம் பிடித்திருக்கிறது என்றே கேட்கிறார்கள்.

இளைஞர் காட்டிய கடைசிப் படத்தில் வீட்டின் நடுவே ஒரு முற்றம், அதில் கூழாங்கற்கள், ஓரத்தில் ஒரு திண்ணை.

“இப்ப இதுதான் சேர் புதுசு.”

நாம் சிரித்துவிட்டோம். மழை விழும் முற்றத்தைச் சுற்றி ஓடி வளர்ந்தவர்களுக்கு முற்றம் புதுசா? வெக்கையை மேலே அனுப்பி, காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே அழைத்த அறிவு அது. 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் எனா டி சில்வாவுக்கு வீடமைத்த ஜெஃப்ரி பாவா, நெருக்கமான நகரக் காணியிலும் நடுமுற்றத்தைச் சுற்றியே அதனை அமைத்தார். எமது முன்னோரின் அறிவு திரும்பி வருகிறதென்று பெருமிதம் கொண்டோம். திண்ணையும் முற்றமும் வேண்டுமென்று முடிவு செய்தோம்.

மறுநாள் மேசனாரிடம் பழைய திண்ணையைக் காட்டி, அதே அளவில் ஒன்று வேண்டும் என்றோம். அவர் அதன் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தார்.

“இது என்ரை அப்பு கட்டினது சேர். கட்டி முடிச்ச பிறகு அவர் இதிலை ஏறினதில்லை.”

கோபமின்றி, அளவு சொல்வது போலவே சொன்னார்.

1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1960களின் பிற்பகுதியில் எமது மண்ணிலே தேநீர்க்கடைப் பிரவேசத்துக்கும் ஆலயப் பிரவேசத்துக்கும் மக்கள் போராடினார்கள்; பல கதவுகள் திறந்தன. இவற்றையெல்லாம் நாம் வகுப்பறையில் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் வீட்டுத் திண்ணையில் எந்தச் சட்டமும் ஏறவில்லை. எவர் எதுவரை வரலாம் என்பதைத் தலைவாசலும் திண்ணையும் முற்றமும் வாய் திறவாமலே சொல்லிவந்தன. நாம் பெருமிதம் கொண்ட அந்த அழகினுள்ளே அந்த அளவும் இருந்தது.

அன்று நாலு மணிக்கு மேசனாருக்குத் தேநீர் சென்றது. எதில் சென்றது என்று அன்றுதான் பார்த்தோம். பார்த்தோம் என்பதும் பொய். ஆறு மாதமாகக் கண்டும் காணாதிருந்தோம். பின்கதவருகே தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும், காதுடைந்த அந்தக் கோப்பை! மிளகாய்ப் புகையைப் பற்றி அத்தனை தெளிவாகக் கேட்ட அம்மாவே அதை எடுத்து வைத்தவர். நாமோ பட்டம் பெற்றவர்கள். சமத்துவம் பற்றி மேடையில் பேசுகிறவர்கள். எம்மை யாரும் தடுக்கவில்லை, நாமாகவே பேசாதிருந்தோம்.

முற்றம் திரும்பி வரட்டும், திண்ணையும் வரட்டும். பழைய அளவோடு அவை வருமாயின், சாம்பல் நிறச் சுவரே மேல்.

மாலையில் அக்கோப்பையை எறிந்துவிட்டோம். மறுநாள் நாலு மணிக்குத் தட்டிலிருந்த கோப்பைகளில் இரண்டை நாமே எடுத்துத் தேநீர் ஊற்றினோம். பழைய திண்ணையில் அமர்ந்து மேசனாரை அழைத்தோம். அவர் சற்றுத் தயங்கினார். பின்னர் சீமெந்துக் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி அமர்ந்தார். அம்மா வாசலில் நின்று பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளலங்காரத்தில் இதுவரை முடிந்த வேலை அது ஒன்றுதான்.